நல்லது, கெட்டது

புர்னோவில் ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே
ஒன்றாம் எண் டிராம் பனியை அரைத்துக்கொண்டு திரும்பும்.
மேசையில் நாலு லேப்டாப், ஒன்றுக்கும் அடிமூடி கிடையாது.
நாலிலும் அந்தப் பிழை வராது.

அது வருவது சீலோவே தீவில்,
ஆன்கூத் துறைமுகத்தில், கடல்மட்டம் குறிக்கும் அறையில்,
நவெல் ஒயார்சூனின் இரவு வேலையில்.
திரை தூங்கும். அவர் மவுஸை அசைப்பார்.
விழிக்காது. விழித்தாலும்
இடது ஓரத்தில் பச்சைப் பட்டை,
ஈரச் சுவரில் பாசி ஏறினாற்போல.

கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.
நாற்பது தடவை பார்த்திருப்பேன்.
பதினோரு செகண்ட்:
தகரக் கூரையில் மழை, கெட்டில் கொதிக்கும் சத்தம்,
ஒரு நாயின் கொட்டாவி, அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி.
பட்டையைப் பார்க்கச் சொன்னார்.
நான் பிளாஸ்திரியையும் பார்த்தேன்.

சிப் செய்த கம்பெனி வாய் திறக்காது.
இருட்டில் தட்டிப் பார்த்து, எது குலுங்கியது என்று குறித்து,
நாங்களே பெயர் வைத்தோம். முந்நூறு ரெஜிஸ்டருக்குப் பெயர் உண்டு.
மீதி எல்லாம் தெரியாதது ஒன்று, தெரியாதது இரண்டு.
தெரியாதது நாற்பத்தேழில் கைவைத்தால்
முழுத் திரையும் ரோஜா நிறமாகும்.
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.

பழைய கெர்னலில் பிழை இல்லை, புதியதில் இருக்கிறது.
நடுவே நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு மாற்றங்கள்.
பாதியில் வெட்டு. மிஞ்சியதைப் பாதியில் வெட்டு.
நான் கட்டி அனுப்புவேன்.
அவர் ஏற்றுவார், திரையைத் தூங்கவைப்பார், எழுப்புவார்.
எனக்குக் காலை பத்து, அவருக்கு ஆறு,
ஒரே சொல் வரும்.

கெட்டது.
கெட்டது.
நல்லது.
கெட்டது.
எட்டாம் நாள் மட்டும் கொஞ்சம் நீளம்:
நல்லது. யாருக்குத் தினமும் நல்லது கெட்டது
எழுதுகிறாய் என்று மனைவி கேட்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் ஒன்றே ஒன்று மிஞ்சியது.
மூன்று வருடம் பழையது.
எழுதியவர்: திரஹோமீரா யுராஞோவா.

நான்.

இரண்டு வரியை எடுத்திருந்தேன்.
ஒன்று, இருபது மில்லிசெகண்ட் காத்திரு என்பது.
மற்றது, அதன் தலைக்கு மேல் யாரோ எழுதிய குறிப்பு:
ஏனென்று தெரியவில்லை. இது இல்லாவிட்டால் சில திரைகள் விழிப்பதில்லை.
என் விளக்கம் இவ்வளவுதான்:
தேவையற்ற காத்திருப்பு. நீக்குகிறேன்.
அந்த முற்றுப்புள்ளியின் திமிரைப் பாருங்கள்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இருபது மில்லிசெகண்ட் என்றால் எவ்வளவு?
கண் ஒருதரம் இமைப்பதற்குள் பத்துத் தடவை வந்துபோகும்.
மின்சாரம் ஏறியதும் மூச்சு வாங்க
அவ்வளவுதான் கேட்டது வயதான ஒரு பேனல்.
நான் வாயில் படத்தைத் திணித்தேன்.
மிச்சம் பிடித்த இருபதுகளை எல்லாம்
எங்கே வைத்தேன் என்று இந்த அறையில் தேடுகிறேன்:
நாலு லேப்டாப், ஆறிப்போன தேநீர்.

குறிப்பு எழுதியவருக்கு ஒரு மன்னிப்பு அனுப்பினேன்.
அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.
இரண்டு வரியையும் இருந்த இடத்தில் வைத்தேன்.
குறிப்பில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.
ஏனென்று இப்போது எனக்குத் தெரியும்,
அதைக் கீழே, அடுத்த வரியில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தது.
திரை விழிக்கிறது. கடல் ஏறி இறங்கும் கோடு
நீலமாக, நடுங்காமல் நிற்கிறது.
கட்டைவிரலில் பிளாஸ்திரி இல்லை, வெள்ளையாய் ஒரு தழும்பு.
நாயைக் காணோம். மழை இருக்கிறது.

கீழே எழுதியிருந்தார்:
நல்லது. ஆனால் இப்போது மானிட்டரில் ஒலி வரவில்லை.

ஒலி என் துறை இல்லை என்று தட்டினேன்.
அழித்தேன்.
கடைசியாக எந்தக் கெர்னலில் வந்தது என்று கேட்டேன்.